நோட்டு வீட்டுக்கு வரும் ஊர்

நான் பஞ்சாயத்துக் கிளார்க்காக இருந்த காலத்தில், எங்கள் ஊரில் எனக்குக் கையெழுத்துப் போட மறுத்த ஒரே ஆள் அந்த அக்காதான். மற்றவர்கள் எல்லாம் தங்கமானவர்கள். என் சைக்கிள் மணியைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நோட்டை விரித்துப் பிடித்தால் போதும். எதற்கு என்று கேட்டு என் நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

நோட்டு என்றால் கிராமசபை நோட்டு. ஜனவரி இருபத்தாறு, மே ஒன்று, ஆகஸ்ட் பதினைந்து, அக்டோபர் இரண்டு என்று வருடத்துக்கு நாலு நாள் ஊர் கூடி, தெருவிளக்கிலிருந்து குடிதண்ணீர் வரை பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் ஊர் அளவுக்கு நூறு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு பேருக்கு எங்கே போவது? சிவகாசிப் பக்கம், எம். புதுப்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர். பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் இருப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து அதே கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள். ஆகவே மக்கள் கூட்டத்துக்கு வராமல் கூட்டம் மக்களிடம் போனது. என் கேரியரில் செருகியிருந்த நீள நோட்டுதான் சபை. நடக்காத கூட்டத்தை ஒற்றை ஆளாக இவ்வளவு சுத்தமாக நடத்துகிறோமே என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

முதல்முறை நோட்டோடு போனபோது அந்த அக்கா வாசலில் கால்களை நீட்டி உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. காகிதத்தை இரும்புக் கம்பியில் சுற்றி, கைப்பலகையால் ஒரு இழுப்பு இழுத்தால் கம்பி வெளியே, குழாய் தரையில். கண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை அது. அதனால் கண் முழுக்க என்மேல் இருந்தது.

"கூட்டம் என்னைக்குத் தம்பி நடந்துச்சு?"

"நேத்துதான்க்கா."

"நேத்து நான் இங்கனதான இருந்தேன். நீங்களும் அந்தா அந்த டீக்கடையில இருந்தீக. பெறகு யாரு நடத்துனா?"

நான் சிரித்து மழுப்பினேன். ஊரே போட்டிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அவர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே பார்த்தார்.

"வந்தேன்னா வந்தேன். வரலைன்னா வரலை. வராத எடத்துல வந்தேன்னு எப்பிடிப் போடுறது?"

இதுதான் அவர். இதைத் தாண்டி அவரிடம் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்க அவருடைய லாரி டிரைவர் புருஷனாலும் முடியாது, பஞ்சாயத்துத் தலைவராலும் முடியாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தார்கள். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு உறவு முழுவதையும் அச்சில் ஏற்றிவிடுவோம். சிவகாசி பக்கத்திலேயே இருக்கும்போது அச்சுக்கா பஞ்சம். அதில் இவர் பெயரும் இருந்தது. இவர் நேரே அந்த வீட்டுக்குப் போய், "அன்னைக்கு எனக்குச் சாத்தூர்ல வேலை இருக்கு, நான் வர முடியாது. வராதவ எப்பிடி வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடுவேன்? எம் பேரை எடுத்துருங்க" என்றார். பத்திரிகை அடித்து முடித்தாகிவிட்டது. கடைசியில் அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து அத்தனை பத்திரிகையிலும் அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தார்கள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் செய்தது தவறு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். சில வருடங்களுக்கு முன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான தேசப்படப் புத்தகம். அச்சடித்து, மடித்து, தைக்கிற நேரத்தில் சோவியத் நாடு உடைந்துவிட்டது. முதலாளிக்குக் காகிதத்தைக் கழிக்க மனமில்லை. புதிய பெயர்களைச் சின்னச் சின்னச் சீட்டாக அடித்துக் கொடுத்து, பழைய பெயரின் மேல் ஒட்டச் சொல்லிவிட்டார்.

"எம்புட்டுப் பெரிய நாடு தெரியுமா தம்பி. படத்துல எங் கையை அகல விரிச்சு வச்சாலும் ரெண்டு பக்கமும் மிஞ்சும். அம்புட்டையும் மூணு நாள்ல ஒட்டி மூடிட்டோம். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அங்கன புரூப் பாக்குற ஐயா ஒருத்தர் இருந்தாரு. ஏங்கய்யா, சண்டையில தோத்துட்டாகளான்னு கேட்டேன். இல்லம்மா, ஒரு குண்டு விழலை. அங்க கூட்டம்னா எல்லாரும் கை தூக்குவாக, என்னத்துக்குத் தூக்குறோம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. கடைசியில நாட்டைக் கலைக்கிறோம்னு சொன்னப்பவும் யாரும் ஏன்னு கேக்கலைன்னாரு."

சரித்திரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா, எனக்குத் தெரியாது. அந்த ஐயா அவசரத்தில் சொன்ன பதிலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அக்கா அதை அப்படியே நம்பினார். எந்த வல்லரசைப் பற்றி யார் பேசினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஈராக் சண்டை நடந்த சமயம், பஞ்சாயத்து டி.வி. முன்னால் கூட்டமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காக்காரனை இனி நூறு வருடத்துக்கு எவனும் அசைக்க முடியாது என்று நான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"அங்கன எலெக்சன்னா எம்புட்டுப் பேரு வந்து ஓட்டுப் போடுறாக?"

எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. விருதுநகர் போனபோது நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போவதில்லை என்று இருந்தது. வந்து சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அப்ப அங்கனயும் நோட்டு வீட்டுக்குத்தான் வருதுன்னு சொல்லுங்க."

அந்த வருடம் மே ஒன்றாம் தேதி எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் நானும் தலைவரும் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தோம். நோட்டை எடுத்துக்கொண்டு நான் தெருத்தெருவாகப் போக வேண்டும், அதுதான் நடைமுறை. அந்த அக்கா வந்தார். தன் பேனாவைத் தானே கொண்டு வந்திருந்தார். நடுவராந்தாவில் உட்கார்ந்து, "ஆரம்பிங்க" என்றார்.

தலைவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "ஒத்த ஆளுக்கு என்னத்த ஆரம்பிக்க?" என்றார்.

"ஒத்த ஆளுக்குக் காது கேக்காதா தலைவரே? வாசிங்க."

வாசித்தேன். கூட்டப் பொருள் என்று எழுதியிருந்த அத்தனையையும் ஒற்றை மனுஷிக்கு வாசித்தேன். இடையில் இரண்டு தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார். கடைசியில் வந்தவர்கள் பட்டியலில் தன் பெயரை நிதானமாக எழுதி, 'வந்தது ஒரு ஆள்' என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அந்தக் கையெழுத்துக்குக் கீழே வீடுவீடாகப் போய் நூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கி முடித்துவிட்டேன். ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டில் இருந்தவர்களே போட்டுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது என்பதால் மற்றவர்கள் இன்னும் தாராளமாகப் போட்டார்கள். "அக்காவே போட்டுட்டாகளா, பெறகென்ன" என்றார்கள்.

இதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை ஒருமுறை பயன்படுத்தியாகிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம்.

ஜூலை மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு வந்து, போன கூட்டத்து நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஊர்க்காரர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். காட்டினேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"இவ அன்னைக்குச் சாத்தூர் ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கெடந்தா. இவரு திருப்பூருக்குப் போயி ஆறு மாசமாச்சு. இது யாரு? ஒங்க வீட்டுக்காரம்மாவா? அவுக வந்தாகளா? நான் பாக்கலயே."

நான் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை நகர்த்தி வைத்தேன்.

"நான் ஒருத்தி வந்தது நெசம் தம்பி. அதுக்கு மேல இம்புட்டுப் பொய்யையும் ஏத்திட்டீகளே."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஊரில் எல்லோரும் சும்மா இருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று அன்றைக்கு வீட்டில் கத்தினேன். என் மனைவி குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆகஸ்ட்டில்தான் மனு வந்தது. ஒரு கம்பெனிக்கு எங்கள் ஊரில் கிடங்கு கட்ட வேண்டும். இடம் பால்வாடிக்கு நேர் பின்னால். 'பொருள் இருப்புக் கிடங்கு' என்று மனுவில் இருந்தது. என்ன பொருள் என்று எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று கிராமசபைத் தீர்மானம் வேண்டும். கம்பெனி ஊருக்கு ஆழ்குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது. தலைவர், "பதினஞ்சாந் தேதி நோட்டை முன்னாடியே ரெடி பண்ணிரு" என்றார்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அந்தப் பால்வாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். இதை வாசிக்கிறவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்று தெரிகிறது. நான் அப்போது எதையுமே நினைக்கவில்லை. நோட்டைக் கேரியரில் வைத்தேன், சைக்கிளை எடுத்தேன். முதல் கையெழுத்தே என் வீட்டில்தான் வாங்கினேன்.

கூட்டப் பொருளை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தேன், அதை வாசிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். இரண்டு தெரு முடித்துத் திரும்பிப் பார்த்தால், நான் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் அந்த அக்கா ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குப் போட்டீக?"

"தெரியலக்கா. கிளார்க்கு கேட்டாரு."

"பால்வாடிக்குப் பின்னால மருந்துக் குடோன் வருதாம். நமக்குச் சம்மதம்னு போட்டிருக்கீக."

வெடிமருந்தை எங்கள் ஊரில் வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்களுக்கு முகம் மாறியது. ஆனால் தீபாவளிச் சீசன். "லோடு சனிக்கெழமை போகணும்க்கா. கூட்டத்துல வந்து உக்கார எங்க நேரம்?" என்றார்கள். அது பொய் இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஜோடிக் கையைப் பார்க்க முடியாது.

நான் அவருக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, "விடுங்கக்கா, அதெல்லாம் பாதுகாப்பாத்தான் கட்டுவாக" என்றேன்.

"ஒங்க பிள்ளையும் அங்கனதான இருக்கு?"

நான் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தேன். அவர் அடுத்த வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் சொன்னது தெருவுக்குக் கேட்டது. "வேலையை விட்டுட்டு யாரு வரச் சொன்னா? பலகையைத் தூக்கிட்டு வாங்க. பசைக் கிண்ணத்தையும் எடுத்துக்கோங்க. உருட்டுறதுக்குக் கண்ணு வேணுமா, காது வேணுமா? அங்கன வந்து உக்காந்து உருட்டுங்க."

பதினைந்தாம் தேதி கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைகள் ஓடிய பிறகு, தெருவில் பெண்கள் வந்தார்கள். இடுப்பில் காகிதக் கட்டு, கையில் பலகை, கிண்ணத்தில் பசை. வராந்தா நிறைந்து, முற்றம் நிறைந்து, வேலிவரை உட்கார்ந்தார்கள். சில ஆண்களும் பின்னால் வந்து நின்றார்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே வேலை ஆரம்பித்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் ஒரே நேரத்தில் இழுபடுகிற சத்தம். தலைவர் குடிதண்ணீரைப் பற்றிப் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் அந்தச் சத்தத்தை நம்பித்தான் மூன்றாவது பொருளைத் தாழ்ந்த குரலில் வேகமாக வாசித்தார்.

பலகைகள் நின்றுவிட்டன. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. அந்த அமைதியில் தலைவர் குரல் மட்டும் '…கிடங்கு கட்டுவதற்கு இந்தச் சபைக்கு ஆட்சேபணை இல்லை' என்று தனியாகக் கேட்டது.

நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுந்தது என் மனைவி.

"என்ன பொருள் வைக்கிற குடோன் தலைவரே?"

"பொருள்தான்மா. கம்பெனிப் பொருள்."

"பேரு இல்லையா அதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆழ்குழாய் வரும் என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று கடைசியில் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. பசை அப்பிய கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் எழுந்து நின்று எண்ணினேன். என் மனைவியின் கைக்கு வந்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏழு வருடமாக அந்த நோட்டில் எண்ணிக்கை எழுதுகிறேன், அன்றுதான் முதல்முறையாக எண்ணினேன்.

தலைவர் என் காதருகே குனிந்து, "இப்ப எழுதாத. அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார். என் பேனா நின்றது. அந்த அக்கா எழுந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

"எழுதுறதை வாசிச்சுக்கிட்டே எழுதுங்க தம்பி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாசித்துக்கொண்டே எழுதினேன். முன்னால் வாங்கிய கையெழுத்துகளைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். நிராகரிக்கப்பட்டது என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தேன். எல்லோரும் வரிசையில் வந்து போட்டார்கள். பசை காய்ந்து அந்தப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒன்றிய அலுவலகத்துக்கு நகல் எடுக்க ஒவ்வொரு தாளாகக் கத்தியை விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. தலைவர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கம்பெனிக்காரர்கள் கோபப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது இடம்தானே. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டார்கள். அந்த ஊர்க் கிளார்க் என் நண்பன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போகிற வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சீசன் நேரத்தில் அவனுக்கு உதவியாக அந்த ஊர் வீடுகளுக்கும் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த ஊர்ல ரெண்டாந் தேதிக்கு நோட்டு சுத்துதாம். கெளம்புங்க தம்பி."

"அது நம்ம ஊர் இல்லையேக்கா."

"பிள்ளைக எந்த ஊர்ப் பிள்ளைகளா இருந்தா என்ன?"

"நீங்க போய்ச் சொல்லலாமே. நான் எதுக்கு?"

"நான் போனா எந்த ஊர்க்காரி, எதுக்கு வந்தேன்னு கேப்பாக. ஒங்களைக் கண்டாத்தான் கதவைத் தொறப்பாக. பழக்கிவிட்டது நீங்கதான?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு ஓடையைத் தாண்டினேன். கேரியர் காலியாக இருந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்த ஊரின் முதல் தெருவில், முதல் வீட்டில் மணியை அடித்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்துத்தானண்ணே போட்டேன். இன்னொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.

எத்தனையோ வீடுகளில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"கையெழுத்து வேண்டாம்மா. ரெண்டாந் தேதி கூட்டத்துக்கு நீங்க வரணும்."

"நானா?" அப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் எதுக்குண்ணே?"

சொன்னேன். கிடங்கைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், நேற்று அவள் எதற்குச் சம்மதம் என்று போட்டாள் என்பதையும் சொன்னேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பையன் அங்கதான் படிக்கான். போட்டுட்டேனேண்ணே. இனி என்ன செய்ய?"

அந்த அக்கா என் பின்னாலிருந்து முன்னால் வந்தார். "போட்ட ஆளே நேர்ல வந்து, நான் சம்மதிக்கலைன்னு சொன்னா அது நிக்காது. தம்பிகிட்டக் கேளுங்க, அவருக்குத்தான் நோட்டு வெவரம் தெரியும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நிக்காதும்மா. ஆனா நூறு பேராவது வரணும்" என்றேன்.

அவள் தெருவை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு எழுந்து படியிறங்கி, நான் சைக்கிளை எடுப்பதற்குள், எனக்கு முன்னால் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.